நாய் வாங்கும் முன் மாதக் கணக்கைப் போடுங்கள்

பெங்களூரு அல்சூர் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். குட்டியோடு வருகிறவர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. முதல் தடுப்பூசி போட்டு அட்டையை நீட்டும்போது, "இனிமே மாசம் எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்பார்கள். நல்ல கேள்விதான். குட்டி மடியில் உட்காருவதற்கு முன்னால் கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

வளர்ந்த லாப்ரடார் 30 கிலோ இருக்கும். பாக்கெட் தீனி நாளைக்கு 350 முதல் 400 கிராம் வேண்டும். கிலோ 300 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 3,000 தாண்டிவிடும். "நாங்க வீட்டுச் சாப்பாடுதான் போடுறோம்" என்கிறவர்கள் பெரும்பாலும் தயிர் சாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது, முட்டையோ கறியோ சேர வேண்டும். சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். அதில் கிடக்கும் சின்ன வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

தடுப்பூசிச் செலவை எல்லோரும் எதிர்பார்த்தே வருகிறார்கள். குட்டியின் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி பூஸ்டர். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. ஆனாலும் கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தமாகப் பேதி போகும்; நாள்கணக்கில் ட்ரிப்ஸ் ஏற்றியும் சில குட்டிகள் பிழைப்பதில்லை.

யாரும் எதிர்பார்க்காத செலவு உண்ணிக் காய்ச்சல். "ரெண்டு நாளா மந்தமா இருக்கு, சிக்கன் வெச்சாலும் மோந்து பாத்துட்டுப் போயிடுது" என்று தூக்கி வருவார்கள். உதட்டை உயர்த்திப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும். காதை மடித்தால் உள்ளே மிளகு அளவில் உண்ணிகள். விரல் இடுக்குகளிலும் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் இறங்கியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நான்கு வார மாத்திரையோடு பெரும்பாலும் சரியாகிவிடும், மாத்திரையும் விலை கம்மிதான். முற்றவிட்டால் ரத்தம் ஏற்றும் நிலை வரும், பில் பல்லாயிரத்தில் நிற்கும். பெங்களூரின் இதமான குளிர் உண்ணிக்கும் இதம்தான், வருஷம் முழுக்க இருக்கும். நாயைவிட்டு இறங்கிச் சுவர் விரிசலில் முட்டையிடும் என்பதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. வீட்டுக்கும் அடிக்க வேண்டும்.

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யச் சொன்னால், "பாவம் டாக்டர்" என்று தள்ளிப்போடுவார்கள். வயதானபின் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்ய நேரும்போது செலவும் ஆபத்தும் பல மடங்கு. செலவு கையைக் கடித்தால் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

நம் ஆட்கள் கணக்கிலேயே சேர்க்காதது பொங்கல் லீவு. ரயிலில் நாயைக் கூட அழைத்துப்போக, ஏசி முதல் வகுப்பில் ஒரு அறையையோ இருவருக்கான கூபேயையோ முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான். இங்கேயே விடுதியில் விட்டுப்போனால் நாள் வாடகை. தீபாவளிக்கோ வெளியூர் போகாவிட்டாலும் தொல்லை. வெடிச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய்களைத் தேடும் போஸ்டர்கள் வருஷா வருஷம் ஒட்டப்படுகின்றன.

பணத்தைவிட நேரம்தான் பெரிய சிக்கல் என்பது என் கருத்து. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் ஹஸ்கி வாங்கியவர்களை ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டது. அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கையும் சேர்த்தால் நாய் பத்து மணி நேரம் தனியாக இருக்கும். சோபாவைக் கிழிக்கும், குரைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்வார், ஹவுஸ் ஓனர் முகம் மாறும். அதற்கப்புறம் ஏதாவது ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பசியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். பார்க்கிங் கட்டணமே அதைவிட அதிகம்.

ஆசை இருந்தால் வளர்ந்த நாட்டு நாயைத் தத்தெடுங்கள். குணமும் உயரமும் முன்கூட்டியே தெரியும், இந்த ஊர் வெயிலும் அதற்குப் பழக்கம்.

வாங்கும் முன் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் வெளியே அழைத்துப்போய்க் கழிவை அள்ளப்போவது யார் என்பதைத்தான். "பையன் பாத்துக்குவான்" என்பார் அப்பா. நாய் பன்னிரண்டு வருஷம்கூட இருக்கும். பையன் அதற்குள் காலேஜ் முடித்து வேறு ஊருக்கே போயிருப்பான். அதனால் அடுத்த கேள்விகளையெல்லாம் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் கேட்பேன்.