பிறவி நாளக் கோளாறு

மலையகத்தில் காலில் நீலமாகப் புடைத்துத் தெரிவது எதுவானாலும் அதற்குப் பெயர் நரம்புதான். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அந்தப் பேச்சில் பிழையில்லை. யாழின் தந்தியும் நரம்புதான், தேயிலையின் முதுகில் ஓடும் கோடும் நரம்புதான். ஆனால் மருத்துவரிடம் "நரம்புக் கோளாறு" என்றால், அவர் உணர்ச்சியைக் கடத்தும் நரம்பை நினைப்பார். நாம் காட்டுவதோ குருதிக் குழாயை.

இலங்கைப் பாடநூல்களில் அந்தக் குழாய்க்குப் பெயர் நாளம். உள்ளே துளையுள்ள தண்டு என்பது பொருள். தாமரைத் தண்டும் நாளம்தான். வடமொழியிலிருந்து வந்து தமிழில் ஊறிய சொல். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோவது நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். தமிழ்நாட்டில் இவற்றையே தமனி, சிரை என்பார்கள்.

சரி, இப்படிப்பட்ட கோளாறுக்கு முன்னால் மருத்துவர்கள் ஆங்கிலத்தில் சேர்க்கும் 'கொன்ஜெனிட்டல்' என்பது? லத்தீனில் 'கூடப் பிறந்தது'. தமிழில் 'பிறவி' என்றால் போதும். ஆனால் பிறவி வேறு, பரம்பரை வேறு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே காலில் செந்நிறப் படை. தாய் கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்றார்கள், வம்சத்தில் வரும் என்றும் பேசினார்கள். அந்தத் தாய் பட்ட பாடு மறக்காது.

செந்நிறப் படை, புடைத்த நாளங்கள், மற்றதைவிடப் பெருத்து வளரும் கால் மூன்றும் சேர்ந்தால் கிளிப்பல்-ட்ரெனோனே நோய்க்குறித்தொகுதி. 1900இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. அது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, தாயின் குற்றமும் அல்ல.

இன்னும் சிலருக்குக் கால் நாளங்களில் வால்வுகளே இல்லாமல் பிறவி அமைந்துவிடும். ஏறும் குருதி கீழே வழியாமல் தாங்குவது அந்த வால்வுகள். அவை இல்லாவிட்டால், அடைபட்ட கானில் தண்ணீர் நிற்பதுபோல் குருதி தேங்கும். கால் வீங்கும், கனக்கும், கணுக்காலில் தோல் கறுத்துப் புண்ணாகும். 'இரத்த ஓட்டம் குறைவு' என்று பொதுவாகச் சொல்வது இங்கே முழுதும் பொருந்தாது. போவது சரியாகப் போகிறது, திரும்புவதில்தான் தடை.

ஆகவே கிளினிக்கில் "நரம்பு இழுக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "நாளம் புடைச்சிருக்கு, பிறந்ததிலிருந்தே இருக்கு" என்று சொல்லுங்கள். இரண்டாவது பாதியைக் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாவிட்டால், மலையில் நின்று நின்று வந்ததென்று நினைத்துவிடுவார்கள்.