பழைய காரில் எஞ்சின் கடைசியில்தான் கெடும்

நெடுந்தூர ராலிக்குத் தயார் செய்யச் சொல்லிப் பட்டறைக்கு வருகிறவர்கள் எஞ்சின் புராணம் பாடாமல் ஓய்வதில்லை. பிஸ்டன் புதிது, சத்தமே இல்லை என்பார்கள். நான் முதலில் குனிந்து பார்ப்பது டயரின் பக்கவாட்டை. அங்கே 1412 என்றிருந்தால், 2012-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு அது போதும், கோபி பாலைவனத்துக் கற்களுக்குப் போதாது.

அடுத்தது எடை. 1907-இல் பெய்ஜிங்கிலிருந்து பாரிசுக்கு 5 வண்டிகள் கிளம்பின. ஜூன் 10 புறப்பட்டு ஆகஸ்ட் 10 அன்று முதலாவதாகப் போய்ச் சேர்ந்த இத்தாலிய இளவரசர் சிப்பியோனே போர்கேசே, பெட்ரோலையும் டயர்களையும் வழிநெடுக முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்தார். இன்று அந்த வழியில் போகிறவர்களோ, 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடாரம், கூடுதல் பெட்ரோல், பாதிப் பட்டறை எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். ஸ்பிரிங் பட்டை ஒடிவதும் ஷாக் அப்சார்பர் பிடிமானம் பிய்வதும் பிறகு என்ன ஆச்சரியம்? சாமான் ஏற்றிய பின் வண்டியை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். முகம் மாறும்.

மலையில் சூடு வேறு விதமாகப் படுத்தும். 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் மூடி இல்லாத பழைய ரேடியேட்டருக்கு அது பெரிய சோதனை. பெட்ரோலும் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். எஞ்சினோடு ஒட்டிய பழைய பம்பால் ஆவியை இழுக்க முடியாது. வண்டி நின்றுவிடும், ஆறிய பின் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இதைப் புரிந்துகொள்ளாமல் நடுரோட்டில் கார்பரேட்டரைக் கழற்றிப்போடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கி, டாங்கிக்கு அருகே மின் பம்ப் ஒன்றை வைத்தால் தொல்லை பெரும்பாலும் தீரும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பர் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். டிரம் பிரேக் சூடேறினால் பிடி தளரும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரி வரை தாங்கும் டாட் 4 வகை, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் தரைவரை போகும். கிளம்பும் முன் அதை முழுவதும் மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். லாரிக்காரர்கள் சொல்வது சரி.

1968 லண்டன்–சிட்னி ராலியில் முன்னணியில் வந்த சிட்ரோயன், சிட்னியை நெருங்கும் வேளையில் எதிரே வந்த ஒரு மினி காரோடு மோதியது. வெற்றி ஹில்மன் ஹன்டருக்குப் போயிற்று. மோதல் யாருக்கும் நேரலாம் என்பதால் சீட் பெல்ட் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மரச்சட்டத்தில் கட்டிய பழைய கார்களின் மேற்கூடுகளில் பெல்ட்டை மரத்தில் திருகினால், மோதும்போது மரத்தோடு பிய்ந்து வரும். இரும்புச் சட்டகத்தோடு இணைத்த தாங்கியில்தான் அதை மாட்ட வேண்டும். அழகு கெடுகிறது என்று யாராவது மறுத்தால், அந்த வண்டியை நான் ராலிக்குத் தயார் செய்வதில்லை.