எலி தோள்ல வெளிச்சம் தெரிஞ்சா கேன்சர் பரவிடுச்சுன்னு அர்த்தமில்ல

இந்த மாசமும் ஒரு பிஎச்டி தம்பி, கேன்சர் ஆராய்ச்சி எலியோட பெட்-சிடி படத்தோட (ஊசியில போட்ட மருந்து உடம்புல எங்க சேருதுன்னு காட்டுற பெட் ஸ்கேனையும் உடம்போட அமைப்பக் காட்டுற சிடி ஸ்கேனையும் ஒண்ணா ஒட்டுன படம்) ஓடி வந்தாரு. "மெட்டாஸ்டாசிஸ் வந்துருச்சு, ரெண்டு தோளுக்கும் நடுவுல எப்படி எரியுது பாருங்க"ன்னு ஒரே சந்தோஷம். பாத்ததுமே புரிஞ்சிருச்சு, கேன்சர் ஒண்ணும் பரவல, எலிக்கு குளிர் எடுத்திருக்கு, அவ்ளோதான். வர்றவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொல்லி தொண்டத்தண்ணி வத்திப்போச்சு, அதான் எழுதிடுறேன்.

பெட் ஸ்கேனுக்கு முன்னாடி ஊசியில போடுற எஃப்டிஜி, கேன்சர மட்டும் தேடிப் பிடிக்கிற மருந்து இல்லப்பா. குளுக்கோஸ் மாதிரி ஒண்ணுல ஃப்ளோரின்-18ங்கிற கதிரியக்க அணு ஒட்டியிருக்கு. கட்டி குளுக்கோஸ அள்ளித் திங்கும், வார்பர்க்ங்கிற விஞ்ஞானி காலத்துலேர்ந்து தெரிஞ்ச விஷயம், அத விடுங்க. ஆனா கட்டி மட்டும்தான் திங்கும்னு யாரு சொன்னா? மூளை திங்கும், இதயம் திங்கும், வீக்கம் இருக்கிற எடத்துல மேக்ரோஃபேஜ்ங்கிற நோயெதிர்ப்பு செல்லும் திங்கும், எலிக்கு கண்ணுக்குப் பின்னாடி ஹார்டேரியன் சுரப்பின்னு ஒண்ணு இருக்கு அதுவும் பளிச்சுன்னு தெரியும் (ஆஸ்பத்திரியில மனுஷங்க படமே பாத்துப் பழகுனவங்க இதப் பாத்து முழிப்பாங்க). அப்புறம் ரெண்டு தோளுக்கும் நடுவுல இருக்கிற, சூடு உண்டாக்குற பழுப்புக் கொழுப்பு. சுண்டெலிக்கு சுகமான சூடு 30 டிகிரி பக்கம், நம்ம லேப் ஏசி 22-ல ஓடுது, மயக்கமும் குடுத்தா உடம்புச் சூடு இன்னும் எறங்கும். அது சூடு உண்டாக்க அந்தக் கொழுப்ப எரிக்காம வேற என்ன பண்ணும்?

"அதான் சிடியும் சேத்து எடுத்தோமே சார்"னு சொல்லுவாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவமே வரும். கரண்ட் பில் எங்க எகிறுதுன்னு பெட் சொல்லும், அந்த வீட்டு டோர் நம்பர சிடி சொல்லும், உள்ள இருக்கிறது யாருன்னு ரெண்டுமே சொல்லாது. ரெண்டையும் ஒட்டி கலர் போட்டுட்டா நிரூபணம் ஆயிடாது. முதல்ல கலர அணைச்சுட்டு வெறும் சிடிய பாருங்க. ஹவுன்ஸ்ஃபீல்டு நம்பர் (திசு எவ்ளோ அடர்த்தின்னு சிடி குடுக்கிற அளவு) மைனஸ்ல இருந்தா கொழுப்பு, தசை மாதிரி பிளஸ்ல இருந்தா அப்புறம் பேசலாம். ஈரல் மாதிரி எடத்துல கான்ட்ராஸ்ட் மருந்து குடுக்காத சிடியில கட்டி தெரியாமலே போகும், அதுக்கு எம்ஆர்ஐ போங்க. இன்னொண்ணு, இந்த பெட் மெஷின்களோட கூர்மையே 1 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான், ரொம்பச் சின்னக் கட்டி மங்கலாத்தான் தெரியும், உடனே கட்டிக்குக் குடுத்த மருந்து வேலை செஞ்சிருச்சுன்னு பேப்பர் எழுத உக்காந்துடாதீங்க.

ஊசி போடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே எலிய சூட்டுல வைங்க, ஸ்கேன் முடியற வரைக்கும் சூடு விடக்கூடாது. 4-லேர்ந்து 6 மணி நேரம் பட்டினி போதும், தண்ணி கட்டாயம் இருக்கணும். ராத்திரி முழுக்க பட்டினி போடாதீங்க, தயவு செஞ்சு, அதுவும் ஒரு உயிரு. மயக்க மருந்துல கெட்டமின்-சைலசின் சர்க்கரைய ஏத்திவிட்டு படத்தக் கெடுக்கும், ஐசோஃப்ளூரேன் இருக்கும்போது அது எதுக்கு? ஊசி போட்ட வால்ல மருந்து கசிஞ்சிருக்கான்னு பாக்க வாலும் படத்துக்குள்ள இருக்கட்டும். ஃப்ளோரின்-18 கதிர்வீச்சு 110 நிமிஷத்துல பாதியாயிடும், அதனால ஊசி போட்ட நேரத்த எழுதி வைங்கய்யா, ஞாபகம் இருக்கும்னு சொல்லாதீங்க. பெட்லேர்ந்து சிடி மெஷினுக்கு மாத்தணும்னா எலிய தூக்காதீங்க, படுக்கையோட மாத்துங்க. வாராவாரம் சிடி எடுக்கிறவங்க கதிர்வீச்சு டோஸக் கொறைங்க, ஸ்கிட் எலிக்கு (நோயெதிர்ப்பு சக்தி இல்லாத ஆராய்ச்சி ரகம்) டிஎன்ஏ-வ சரிபண்ற தெம்பே கம்மி.

அப்பவும் சந்தேகம் தீரலன்னா அதே எலிய மறுநாள் நல்லா சூடாக்கி திரும்ப ஸ்கேன் பண்ணுங்க. பழைய மருந்து அதுக்குள்ள தேஞ்சிருக்கும். வெளிச்சம் அப்பவும் அங்கயே இருந்தா, அந்த எடத்த வெட்டி பேதாலஜிக்கு அனுப்பிட்டு ரிசல்ட்டோட என்கிட்ட வாங்க.