மூன்றாவது தடவையும் ஹெட் கேஸ்கட் போனால், கேஸ்கட்டைத் திட்டாதீர்கள்

"புது கேஸ்கட் போட்டு ரெண்டு மாசம்கூட ஆகலை, மறுபடியும் தண்ணி குடிக்குது" என்று வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருபவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பினீர்களா? "இல்லைங்க, நானும் ஃபிரண்டும் ஞாயித்துக்கிழமை உக்காந்து மாத்துனோம். ஆனா கேஸ்கட்டு ஒரிஜினல்தான்." அந்த 'ஒரிஜினல்தான்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் உட்காரும் மூடி, பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதி, இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கட். லேத்துக்கு அனுப்புவது ஹெட்டின் அடிப்பரப்பை நேராக்க.

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், ஊருக்கு ஊர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடம். இந்த மாதிரிச் சின்ன இன்ஜினில் இரண்டு பேர் சேர்ந்து ஹெட்டை இறக்கி ஏற்றுவது ஆகாத காரியமில்லை. தாராளமாகச் செய்யுங்கள். பாதி வேலையோடு நிறுத்திவிட்டு முழுசாக முடித்ததாக நினைப்பதுதான் தாங்க முடியவில்லை.

பழைய வண்டியில் கேஸ்கட் வயதாகியும் போகும், மறுப்பதற்கில்லை. ஆனால் முக்கால்வாசி நேரம் முதலில் இன்ஜின் கொதித்திருக்கும், கேஸ்கட் போனது அதற்குப் பிறகுதான். அலுமினியம் சூட்டில் விரிவது வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. போல்ட் அழுத்திப் பிடித்திருக்கும்போது அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் விரிய இடமின்றி வளையும், ஆறிய பிறகு பழையபடி நேராகாது. வளைந்த ஹெட்டுக்குக் கீழே எவ்வளவு விலை உயர்ந்த கேஸ்கட்டை வைத்தாலும் ஓரிடத்தில் இறுகும், இன்னோரிடத்தில் இறுகாது. அடுத்த கோடை வரைக்கும்கூடத் தாங்காது.

சரி, ஏன் கொதித்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். ஃபேன் ஓடாமல் இருந்திருக்கலாம். ஃபேன் சுவிட்ச் இரண்டு முனை உள்ளதென்றால், சாக்கெட்டைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பாருங்கள். இக்னிஷன் ஆனில் ஃபேன் ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் சந்தேகம். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் இறக்கை அரித்துப் போயிருக்கலாம். ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. 0.9 என்று அழுத்த அளவு பொறித்த மூடி சரியாகப் பிடித்தால் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி என்றால் 100-லேயே பொங்கிவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள், ஹெட்டையே தின்றுவிடும்.

இனி என் பெரிய எரிச்சலுக்கு வருகிறேன். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை சார், கழட்டிப் போட்டா கூலா ஓடும்." இதை மெக்கானிக்குகளே சொல்கிறார்கள் என்பதுதான் வெட்கக்கேடு. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தண்ணீர் போகும் வழியில், 82 அல்லது 88 டிகிரி வாக்கில் திறக்கும் ஒரு கதவு. முழுசாகத் திறந்த கதவுக்கும் கதவே இல்லாத வாசலுக்கும் தண்ணீர் போவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் கொதிக்கிற வண்டி அதைக் கழற்றினால் குணமாகாது. அது மூடியபடியே சிக்கியிருந்தால் மட்டும் குணமான மாதிரி தெரியும், அதற்கும் மருந்து புதுசு மாட்டுவதுதான். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் சேர்த்து அடைக்கும். அங்கே அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் ஓடும். கூலாக ஓட வேண்டும் என்று கழற்றியது கூடுதலாகச் சூடேற்றும்.

இன்னொரு பக்கம், காலையில் பால் வாங்கப் போகிற 2 கிலோமீட்டருக்கு இன்ஜின் சூடே ஏறாது. பெட்ரோல் கலவை கெட்டியாகவே போகும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும், மைலேஜ் விழும். தெர்மோஸ்டாட் நல்லதா என்று பார்க்க ஒரு பாத்திரம், அடுப்பு, தெர்மாமீட்டர் போதும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள், அதன் மேல் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கிறதா, ஆறும்போது மூடுகிறதா என்று பாருங்கள். கழற்றி வீசாதீர்கள், தயவுசெய்து.

கேஸ்கட்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டுமுன் உறுதி செய்யுங்கள். ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால் உடனே பதற வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கே ஓடும் வண்டியில் நீராவி குளிர்ந்து அப்படித்தான் நிற்கும். டிப் ஸ்டிக்கில் வரும் ஆயிலே பால் காபி நிறத்தில் இருந்தால் அது வேறு கதை, வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் குடிக்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கருவி) கிடைத்தால் எல்லாச் சிலிண்டரும் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டில் மட்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. இந்த வகையில் தண்ணீர் குறையவே குறையாது. அதனால்தான் பலர் கார்பரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ரேடியேட்டரில் ஊற்றும் லீக் அடைக்கும் பவுடர், திரவம் எதையும் தொடாதீர்கள். அது கேஸ்கட்டை அடைக்கிறதோ இல்லையோ, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை நிச்சயம் அடைக்கும்.

வேலைக்கு வருவோம். முந்தின இரவே சைலன்சர் மேனிஃபோல்டு நட்டுகளில் துரு இளக்கும் ஆயிலை அடித்து விடுங்கள். காலையில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். நண்பர் ஆர்வக்கோளாறில் சாவியைத் திருப்பினால் போவது உங்கள் விரல். இன்ஜின் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டின் போல்ட்டை இளக்கினால் நேராக இருந்ததும் வளையும். ஹோஸ், ஒயர் ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள், போனில் படமும் எடுங்கள். டைமிங் பெல்ட்டைக் கழற்றுமுன் குறிகளைப் பொருத்தி வைத்துப் படம் எடுங்கள்.

ஹெட் போல்ட்டை இறுக்கும் வரிசைக்கு நேர் எதிராக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, அரைச் சுற்று அரைச் சுற்றாக எல்லாவற்றையும் இளக்க வேண்டும். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஓர் அட்டையில் வரிசைப்படி ஓட்டை போட்டு அதில் செருகி வையுங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இடையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் போதும், புதுக் கேஸ்கட் அங்கிருந்தே ஒழுகும். மரக்கட்டை வைத்து ஓரத்தில் தட்டினால் இளகும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நேராகத் தூக்கி, மரக்கட்டை மேல் வையுங்கள். தரையில் முகம் குப்புற வைத்தால் திறந்திருக்கும் வால்வுகள் வளையும்.

சுத்தம் செய்வதில்தான் அநியாயம் நடக்கிறது. கிரைண்டரில் எமரி டிஸ்க்கை மாட்டி அலுமினியத்தின் மேல் ஓட்டினால் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். அந்த அழகுக்குள் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும். எமரித் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கை அறுக்கும். பிளாஸ்டிக் சுரண்டி, கொஞ்சம் தின்னர், நிறையப் பொறுமை. சிலிண்டர்களுக்குள் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிளாக்கில் உள்ள போல்ட் ஓட்டைகள். அடி மூடிய ஓட்டையில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் அதை அழுத்திக்கொண்டு நின்றுவிடும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் டிக் என்று சொல்லும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. சில சமயம் பிளாக்கே விரிசல் விடும். காற்று அடித்து உலர்த்துங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு.

ஹெட்டின் மேல் நேர்கோல் வைத்து நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைக்குமாக ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அடியில் செருகிப் பாருங்கள். இத்தகைய சின்ன இன்ஜின்களுக்கு வழக்கமான வரம்பு 0.05 மில்லிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேல் இதற்கு உதவாது. நேர்கோல் இல்லையா, பேசாமல் லேத்துக்குக் கொண்டுபோங்கள், எப்படியும் போக வேண்டும். பேசிங் (ஹெட்டின் முகத்தைச் சீவி நேராக்குவது) போடுமுன் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் இருந்தால் பேசிங்குக்குக் கொடுத்த காசு வீண். போடும்போதும் குறைந்தபட்சம் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறி இன்ஜின் தட்டும். நீர்த்துளைகளைச் சுற்றி அலுமினியம் கறையான் அரித்த மாதிரி இருந்தால், அது வருடக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியதன் சம்பளம். பிளாக்கின் மேற்பரப்பையும் அதே நேர்கோலால் பாருங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேஸ்கட்டை எந்தப் பக்கம் மேலே என்று பார்த்து, உலர்ந்தபடியே வையுங்கள். கிரீஸ், சிலிகான் பேஸ்ட் தடவுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். கம்பெனி மேனுவல் எங்கே கேட்கிறதோ அங்கே மட்டும்தான். ஒருமுறை இழுபட்டால் மறுமுறை ஆகாத வகைப் போல்ட்டாக இருந்தால் புதுசு வாங்குங்கள். மேனுவல் சொன்னால் புரியில் ஒரு சொட்டு ஆயில். நடுவிலிருந்து வெளியே, மூன்று படியாக இறுக்குங்கள். மேனுவலில் 60 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால் 20, 40, 60. டார்க் ரெஞ்ச் இல்லாமல், "கைக்கே தெரியும் பாஸ்" என்று இறுக்குபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்ல நண்பராக இருந்தாலும்.

நண்பர் உண்மையில் உதவுவது இங்கேதான். ஒருவர் மட்டுமே இறுக்க வேண்டும். மற்றவர் மேனுவலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை உரக்கச் சொல்லி, முடிந்த போல்ட்டின் தலையில் சாக்பீஸால் கோடு போட வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு. இருவரும் மாறி மாறி இறுக்கினால் ஒன்று நிச்சயம் விடுபடும். நடுவில் போன் வந்தால், டீ வந்தால், அந்தப் படியை முதலிலிருந்து தொடங்குங்கள்.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஊறிப்போன ஹோஸ்கள், ரேடியேட்டர் மூடி எல்லாம் இப்போதே மாற்றுங்கள், கை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. ஸ்டார்ட்டரைத் தொடுமுன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் பலம் கொடுக்காதீர்கள், டைமிங் தப்பியிருக்கிறது. புது ஆயில், புது ஃபில்டர். பழைய ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் 200 கிலோமீட்டரில் மறுபடி ஒரு தடவை. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. பேட்டரிக் கடையிலேயே கிடைக்கும் தண்ணீரை விட்டுவிட்டுக் குழாய்த் தண்ணீரைத் தேடி ஓடாதீர்கள். ஹீட்டர் இருந்தால் திறந்து வைத்து, மூடியில்லாமல் ஐடிலில் விட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள், குறையக் குறைய ஊற்றுங்கள். முகத்தை மேலே நீட்டாதீர்கள், பொங்கித் தெறிக்கும்.

ஓட்டும்போது முள் சிவப்புக்கு ஏறி, திடீரென்று கீழே விழுந்தால் 'ஆறிடுச்சு' என்று சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் தீர்ந்து சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைத் திறக்கவே கூடாது. வீட்டுக்கு இன்னும் 3 கிலோமீட்டர்தான் என்றாலும் இழுத்துக்கொண்டு போங்கள்.

இறக்கிய பழைய கூலன்ட்டை வாசலில் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினால் பிழைப்பது கஷ்டம். மூடியுள்ள கேனில் ஊற்றிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள், பிறகு ஒரு வாரம் தினமும்.