மாத்திரையை நிறுத்தியதும் பி.எஸ்.ஏ. இறங்குவது எப்படி?

"அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. பைகலூட்டமைட் மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். கைவிட்டுவிட்டாரோ என்று பயந்துபோனோம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் பி.எஸ்.ஏ. இறங்கியிருக்கிறது. எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் அதன் அளவு இறங்கினால் நோய் அடங்குகிறது என்று பொதுவாகக் கொள்வார்கள். இந்த நோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. 1941-இல் சிகாகோவில் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் இதைக் காட்டினார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இப்போது ஊசியிலேயே டெஸ்டோஸ்டிரோன் என்ற முக்கிய ஆண் ஹார்மோனைக் குறைத்துவிடலாம். அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் மிச்சசொச்சத்தைத் தடுக்கத்தான் மாத்திரை.

சரி, எப்படித் தடுக்கிறது? செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ஏற்பி, அதாவது ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதம் ஒன்று இருக்கிறது. சுருள் சுருளாக மடிந்த அதன் நடுவில் ஒரு குழி. ஹார்மோன் அதில் போய் உட்கார்ந்ததும் பன்னிரண்டாவது சுருள் மூடிபோல வந்து படியும். அப்படி மூடினால்தான் துணைப் புரதங்கள் வந்து ஒட்ட இடம் கிடைக்கும், மரபணுக்கள் இயங்கும், செல் பெருகும். பைகலூட்டமைட்டும் அதே குழிக்குள்தான் நுழைகிறது. ஆனால் அதன் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். கரண்டியை உள்ளே வைத்து டிபன் பாக்ஸை மூடப் பார்ப்பதுபோல, மூடி படியாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஏற்பியின் 741-ஆவது அமினோ அமிலம் டிரிப்டோஃபேன், பருமனானது. சில புற்றுச் செல்களில் திடீர்மாற்றத்தால் அங்கே சிறிய லூசின் வந்துவிடுகிறது. குழிக்குள் இடம் கிடைத்ததும் மருந்தின் முனை உள்ளே அடங்கிவிடும், மூடியும் படிந்துவிடும். நோயைத் தடுக்க வந்த மருந்தே ஹார்மோன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது! ஃபுளூட்டமைட் என்ற பழைய மருந்துக்கும் இதேபோல 877-ஆவது இடத்தில் ஒரு திடீர்மாற்றம் உண்டு. அந்த மருந்தை நிறுத்தியதும் சிலருக்கு பி.எஸ்.ஏ. இறங்குவதை மருத்துவர்கள் 1990-களிலேயே கவனித்தார்கள்.

திடீர்மாற்றம் இல்லாவிட்டாலும், ஏற்பிகளின் எண்ணிக்கை கூடினாலே மருந்து தீனியாக மாறலாம். 2004-இல் சார்ல்ஸ் சாயர்ஸ் என்ற புற்றுநோய் ஆய்வாளரின் குழு இதைக் கண்டுபிடித்தது. அதனால் புதிய மருந்தை ஏற்பி மிகுந்த செல்களிலேயே சோதித்துத் தேடினார்கள். அப்படிக் கிடைத்ததுதான் 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற என்சலூட்டமைட். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகத்தில், மக்கள் வரிப்பணத்தில் பிறந்த மருந்து அது. அடிப்படை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணத்தை வீண்செலவு என்பவர்களோடு நான் சண்டை போடுவது இதனால்தான்.

உங்கள் அப்பாவுக்கும் இதுதான் நடந்திருக்கக்கூடும். பைகலூட்டமைட் மெதுவாகத்தான் உடம்பை விட்டுப் போகும். பாதி குறையவே ஒரு வாரம் ஆகும். அதனால்தான் பலன் தெரிய ஆறு வாரம் ஆகியிருக்கிறது. இந்த இறக்கம் பெரும்பாலும் சில மாதங்கள்தான் நிற்கும். அடுத்த மருந்து பற்றி டாக்டரிடம் இப்போதே பேசுங்கள். ஹார்மோன் ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.