சுப்பர்சார்ஜர்: மலையில் தாங்கிய எஞ்சின் கொழும்பில் ஏன் உடைகிறது?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 101 கிலோபஸ்கால் இருக்கும் வளிமண்டல அமுக்கம் இங்கே 81 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த வளி சற்று அடர்த்தியானது என்பதால் இழப்பில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தாலும், கொழும்பில் 100 கிராம் வளியை இழுக்கும் எஞ்சின் இங்கே 84 கிராம்தான் இழுக்கும். வளி குறைந்தால் ஒட்சிசன் குறைகிறது, எரிக்கக்கூடிய பெற்றோலும் குறைகிறது. றம்பொடை ஏற்றத்தில் கார் இரண்டாம் கியரில் திணறுவதற்கு ஏற்றம் மட்டும் காரணமல்ல.

அந்தக் குறையை ஈடுகட்டத்தான் எஞ்சினுக்குள் கூடுதல் வளியைத் தள்ளும் சுப்பர்சார்ஜர். ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் பலருக்கு அதைத் தங்கள் பழைய காரில் பூட்டும் ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். கையில் இருக்கும் காசை எங்கே செலவழிப்பது என்பதில்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது.

அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுபொறியின் வழிவந்ததுதான் இன்றும் மலிவாகக் கிடைக்கும் வகை. இரண்டு சுழலிகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்று வளியை அள்ளி எஞ்சினுக்குள் தள்ளும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது. அதனால் புகைவாயுவால் சுழலும் டேர்போபோல வேகம் பிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மிதித்தவுடன் இழுக்கும். மலைப்பாதைக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கணக்கும் எளிது. 1.6 லீற்றர் நான்கடிப்பு எஞ்சின், கிராங்க் ஒருமுறை சுற்றும்போது 0.8 லீற்றர் வளியை உள்ளெடுக்கும். அதே ஒரு சுற்றில் ஊதுபொறி 1.2 லீற்றர் தள்ளினால், கசிவை விட்டுப் பார்த்தால், ஒன்றரை மடங்கு வளி அங்கே திணிக்கப்படுகிறது. ஊதுபொறியின் கப்பியைச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுழன்று இன்னும் திணிக்கும். கப்பிக்கு லேத்தில் கொடுக்கும் காசு குறைவு என்பதால் எல்லோருக்கும் முதலில் அதில்தான் கை போகிறது. கேடு தொடங்குவதும் அங்கேதான்.

அமுக்கப்பட்ட வளி சூடாகும். 25 பாகை வளியை ஒன்றரை மடங்கு அமுக்கினால், இழப்பே இல்லாத பொறியிலும் அது 60 பாகையைத் தாண்டும். ரூட்ஸ் வகையின் வினைத்திறன் குறைவு. அதை 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வெளிவரும் வளி 90 பாகையைத் தொடும். சூடான, நெருக்கமான கலவையில் பிளக் பற்றவைத்த சுவாலை சிலிண்டரின் ஓரத்தை அடையும் முன்பே, அங்கே ஒதுங்கியிருக்கும் கலவை தானாக வெடித்துவிடுகிறது. கராஜில் 'நொக் அடிக்குது' என்பது இதைத்தான். அந்த அதிர்ச்சி அலை பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பை உடைக்கும், ஹெட் கேஸ்கட்டைத் தின்னும். வார்ப்புப் பிஸ்டன் இதை அதிகம் தாங்காது. டொயோட்டா சுப்பர்சார்ஜரோடு விற்ற தன் 4ஏ-ஜிஸெட்இ எஞ்சினுக்கு அடித்து உருவாக்கிய பிஸ்டனைப் போட்டதும், அமுக்க விகிதத்தை (பிஸ்டன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதை) முதல் பதிப்பில் 8 வரை இறக்கியதும் இதற்காகத்தான்.

அவ்வளவு செலவழிக்க முடியாதவர் ஊதுபொறி தரும் அமுக்கத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, மிச்சக் காசை எரிபொருளிலும் குளிர்விப்பிலும் போட வேண்டும். 150 குதிரைத்திறன் எதிர்பார்த்தால் பெற்றோல் பீச்சும் நான்கு இன்ஜெக்டர்களும் ஒவ்வொன்றாக நிமிடத்துக்குச் சுமார் 300 சிசி தரவேண்டும். சூடான வளியைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அவசியம், பஞ்சிகாவத்தையில் தேடினால் பழையதொன்று அகப்படும். 95 ஒக்டேன் பெற்றோல் அடியுங்கள், 92 வேண்டாம். எஞ்சினைக் கழற்றியிருந்தால் ரிங் இடைவெளியைப் பார்க்காமல் மூடாதீர்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகுங்கள். 81 மில்லிமீற்றர் சிலிண்டரில் சாதாரணமாக 0.3 மில்லிமீற்றர் போதும். சுப்பர்சார்ஜர் பூட்டினால் 0.4 வேண்டும். ரிங் கூடுதலாகச் சூடேறி நீளும்போது முனைகள் முட்டினால் பிஸ்டன் விளிம்பு போய்விடும். ஒரு சின்ன அரமும் அரை நாள் பொறுமையும்தான் இதற்குச் செலவு.

றேடியேட்டர் மூடியையும் புதிதாக வாங்கிவிடுங்கள். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். 0.9 பார் தாங்கும் நல்ல மூடி அதை 115 வரை தள்ளிப்போடுகிறது. ரப்பர் வெடித்த மூடியோடு கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறினால், வண்டி மெதுவாகப் போவதால் காற்றோட்டம் இல்லை, சுமையோ முழுச்சுமை, ஹெட் வளைந்துபோகும்.

இதையெல்லாம் சரியாகச் செய்த எஞ்சின்கூட கொழும்புக்கு இறங்கியதும் உடைவதுண்டு. ஊதுபொறி பெருக்கித் தருவது வெளியில் இருக்கும் அமுக்கத்தை. ஒன்றரை மடங்கு என்றால் நுவரெலியாவில் 81 கிலோபஸ்கால் 121 ஆகும். கொழும்பில் 101 ஏறத்தாழ 152 ஆகும். டாஷ்போர்டில் மாட்டும் பூஸ்ட் கேஜ் அந்தந்த இடத்து வளியோடு ஒப்பிட்டே காட்டுவதால், மேலே 6 பிஎஸ்ஐ (ஒரு பிஎஸ்ஐ ஏறத்தாழ 7 கிலோபஸ்கால்), கீழே 7க்குச் சற்று மேல் என்றுதான் ஊசி நிற்கும். ஒன்றரைப் பிஎஸ்ஐதானே கூடியிருக்கிறது என்று ஓட்டுபவர் நினைப்பார். சிலிண்டருக்குள் நுழையும் வளியின் அமுக்கமோ கால்வாசி கூடியிருக்கும், அதுவும் வெயில் நேரத்துச் சூட்டோடு.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் பெற்றோல் அளவும் பற்றவைப்பு நேரமும் அமுக்க வாரியாக ஓர் அட்டவணையில் இருக்கின்றன. மலையில் மட்டும் ஓட்டிச் சரிசெய்தால் 121க்கு மேற்பட்ட வரிசைகளுக்கு எஞ்சின் ஒருபோதும் போயிராது. அங்கே இருப்பவை யாரும் சோதிக்காத ஊகங்கள். களுத்துறைப் பக்கம் நெடுஞ்சாலையில் முழுதாக மிதிக்கும்போதுதான் எஞ்சின் முதன்முறையாக அவற்றைத் தொடுகிறது. உள்ளே போகும் வளியின் அமுக்கத்தை அளந்து ஈசியூவுக்குச் சொல்லும், வண்டியோடு வந்த பழைய மெப் சென்சரையே விட்டுவைத்தால் நிலைமை இன்னும் மோசம்: அது வெளி வளிமண்டல அமுக்கத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும், அதற்கப்பால் வரும் வளி ஈசியூவுக்குத் தெரியவே தெரியாது. 2 அல்லது 2.5 பார் வரை அளக்கும் சென்சர் ஒன்றைப் சின்னக் கப்பிக் கனவுகளுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

ஆகவே ட்யூனிங்கைக் கீழ்நாட்டில், பகல் சூட்டில், வண்டியை நிறுத்தியபடியே ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றிச் செய்யுங்கள். அங்கே தாங்கும் அமைப்பு மலையில் நிச்சயம் தாங்கும், மறுபக்கம் அப்படியில்லை. முடிந்ததும் நான்கு பிளக்குகளையும் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் நொக் நடந்திருக்கிறது. அந்தத் துகள் உங்கள் பிஸ்டனிலிருந்து வந்தது. பற்றவைப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஊதுபொறிக்கு ஒரு சுற்றுப் பெரிய கப்பி போட்டு, மறுபடி சோதித்த பிறகு மலையேறுங்கள்.