பன்னிரண்டாவது வளைவில் ஒரு மெழுகுவர்த்தி

ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் சேலத்துக்கு வந்து பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருத்தி, மாலையில் என்னிடம் பாடம் கேட்டுவிட்டு மலையேறுவாள். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் மனைவி இறந்த செய்தி கேட்டு மேக்பெத் பேசும் வரிகளை "டுமாரோ" தொடங்கிக் கடகடவென ஒப்பிப்பாள்.

"நிலையாமைக்கு அதுல ஒரு மேற்கோள் சொல்லு கண்ணு" என்றேன்.

விழித்தாள். உதடு மட்டும் அசைந்தது. மறுபடி "டுமாரோ"விலிருந்து ஓடி வந்து, அந்த இடத்தைத் தொட்டதும்தான் நிமிர்ந்தாள். "அவுட், அவுட், ப்ரீஃப் கேண்டில்... இதுதானே மிஸ்?"

அவளுக்கு மறதி இல்லை. வரி உள்ளேதான் இருக்கிறது; அதற்குப் போக ஒரே வழிதான் போட்டு வைத்திருந்தாள். அந்தாதி மாதிரி, ஒன்றின் முடிவைப் பிடித்தால்தான் அடுத்ததன் தொடக்கம் கிடைக்கும். நூறு பாட்டும் பிசகாமல் சொல்லும் பாட்டியிடம் "அறுபதாவது பாட்டு?" என்று கேட்டால் அவரும் திணறத்தான் செய்வார்.

ஒரு செய்தி எந்தக் குறிப்போடு சேர்ந்து மனதில் பதிந்ததோ, அந்தக் குறிப்பு கிடைத்தால்தான் அது எளிதில் திரும்பி வரும் என்று 1973இல் உளவியலாளர்கள் எண்டல் டுல்விங்கும் டொனால்ட் தாம்சனும் எழுதினார்கள். வினாத்தாள் தரும் குறிப்பு "முந்தைய வரி" அல்ல. குற்றவுணர்வு, பேராசை, நிலையாமை போன்ற சொற்கள். ஆகவே மேற்கோளை அந்தச் சொற்களோடுதான் கட்ட வேண்டும்.

"ப்ரீஃப் கேண்டில்" (சிறிது நேரமே எரியும் மெழுகுவர்த்தி; வாழ்க்கையைத்தான் அப்படிச் சொல்கிறான்) என்ற இரண்டே சொற்களை எடுத்துக்கொள்வோம். இந்த வரி வரும் ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சியில் மேக்பெத்தின் மனைவி கையில் விளக்கோடு தூக்கத்தில் நடக்கிறாள். எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை என்கிறாள் பணிப்பெண். கணவனைத் தூண்டிச் செய்வித்த அரசனின் கொலை அவளை இருட்டில் இருக்க விடவில்லை. நான்கு காட்சி தள்ளி அவள் இறந்த செய்தி வருகிறது. கணவன் மெழுகுவர்த்தியை அணையச் சொல்கிறான். நிலையாமை என்று கேட்டாலும் குற்றவுணர்வு என்று கேட்டாலும், ஒளி, இருள், கணவன், மனைவி என்று எந்தப் பக்கம் கேட்டாலும் இந்த இரு சொற்களுக்கு வழி உண்டு. தேர்வில் இவற்றை நம் வாக்கியத்துக்குள்ளேயே வைத்து, ஏன் 'ப்ரீஃப்' என்று ஒரு வரி எழுதினால் போதும். ஐந்து வரியை அப்படியே எழுதி அடுத்த பத்திக்குத் தாவுவது, விருந்தாளிக்கு இலை போட்டுச் சோறு வைக்காமல் போவதுதான்.

சரி, எப்படிப் பதிய வைப்பது? திரும்பத் திரும்ப வாசித்தால் கண்ணுக்குப் பழகிவிடும். பழக்கத்தைத் தெரிந்ததாக நினைத்துவிடுவோம். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களில் சிலரை ஒரு பத்தியைத் திரும்ப வாசிக்க வைத்தார்கள். சிலரைப் பார்க்காமல் எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நினைவிலிருந்து இழுத்து எடுக்கும் அந்தச் சிரமமே வழியை உறுதியாக்குகிறது.

ஏற்காடு பஸ்ஸில் புத்தகம் வாசித்தால் தலை சுற்றும். அதுவே நல்லதாகப் போயிற்று. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு மேற்கோள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்களின் உத்திதான் இது. இடங்களை அறியும் செல்கள் மூளையின் ஹிப்போகேம்பஸில் இருப்பதை ஜான் ஓகீஃப் 1971இல் கண்டறிந்தார். 2014இல் நோபல் பரிசு பெற்றார். நினைவு பதிவதிலும் அந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: மாலையில் ஏறும்போது ஒன்றிலிருந்து இருபது, காலையில் இறங்கும்போது இருபதிலிருந்து ஒன்று. அந்தாதிச் சங்கிலி தானாக அறுந்துவிடுகிறது.

வீட்டுக்குப் போனதும் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன்; தவறாகச் சொல்லிப் பழகினால் தவறும் பதிந்துவிடும். மறுவாரம் வந்தவள், "பன்னிரண்டாவது வளைவுல 'ப்ரீஃப் கேண்டில்'க்குப் பதிலா 'லிட்டில் கேண்டில்'னே வருது மிஸ்" என்றாள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் போர்ஷியா சொல்வது அது. சின்ன மெழுகுவர்த்தி எவ்வளவு தூரம் ஒளி வீசுகிறது என்று வியக்கிறாள். ஒரே மாதிரி இரண்டு நினைவுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒன்று காலத்தைச் சொல்கிறது, மற்றது அளவை. இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னேன்.

போர்ஷியாவின் மெழுகுவர்த்தியை அவள் பத்தொன்பதாவது வளைவுக்கு மாற்றிவிட்டாள். பஸ் அங்கே திரும்பும்போது இருட்டியிருக்கும், கீழே சேலத்து விளக்குகள் தெரியும்.